ஊரார் பிள்ளை

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிவாக்கில், ஏதாவதொரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறைக்குள் எட்டிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கான பெஞ்சு என்பதால் முழங்கால் இடிக்கும். சிலர் தரையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். தலைமையாசிரியர் சுற்றறிக்கையைப் படிப்பார். வந்த மானியம் இவ்வளவு, வெள்ளையடித்த செலவு இவ்வளவு, குழாய் மாற்றியது இவ்வளவு. படித்து முடித்துவிட்டு, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்பார். "ஒண்ணுமில்லைங்க சார்." தீர்மானப் புத்தகம் கைமாறிப் போகும். கையெழுத்துகள் விழும். டீ வரும்.

அந்த "ஒண்ணுமில்லைங்க சார்" இலேசான பேச்சல்ல. அதில் மரியாதை உண்டு. படித்தவர் முன்னால் வாய் திறக்கக் கூசும் பல தலைமுறைப் பழக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அச்சமும் உண்டு: என் பிள்ளை இவரிடம்தானே படிக்கிறது, நான் ஒன்று கேட்கப்போய் அது பிள்ளையின் தலையில் விடிந்தால்?

இத்தனைக்கும் அந்தப் பெண்கள் அங்கே விருந்தாளிகள் அல்லர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அவர்களை அங்கே உட்கார வைத்திருக்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது, வந்த பணம் போன வழியைக் கவனிப்பது ஆகியவை அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. சட்டம் கேட்பது கையெழுத்தை மட்டுமல்ல, கேள்வியையும்தான்.

பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள், கரும்பலகையும் மேசையும் கடிகாரமும் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைக்கும் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் இறக்கையில் பெயர் எழுதி மாட்டுகிறோம். சுற்றும்போது படிக்க முடியாது, இருந்தாலும் எழுதுகிறோம். கொடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. அந்த மின்விசிறி ஆறு மாதமாக ஏன் ஓடவில்லை என்று கேட்டவருக்குக் கிடைப்பது வேறு பெயர். ஈகையைப் போற்றத் தெரிந்த அளவுக்குக் கேள்வியைப் போற்ற நாம் பழகவில்லை.

இங்கிலாந்தில், பள்ளிக் குழுவில் அமர்ந்து கேள்வி கேட்கும் இந்தத் தொண்டைச் செய்பவருக்குக் 'கவர்னர்' என்று பெயர். நம் காதில் விழுந்தால் ஆளுநர் மாளிகைதான் கண்முன் வரும். ஆனால் இந்தக் கவர்னர் கடை நடத்துபவராகவோ ஓய்வுபெற்ற செவிலியராகவோ இருப்பார். பெரும்பாலும் நான்காண்டுப் பதவி, ஊதியம் இல்லை. முன்பெல்லாம் அங்கே தொடக்கப் பள்ளிகளில் இவர்களுக்கு 'மேனேஜர்' என்று பெயர், வேலையும் பெயரளவில்தான். 1974-75இல் லண்டன் இஸ்லிங்டனில் வில்லியம் டின்டேல் என்ற பள்ளியில் புதிய கற்பித்தல் முறையை ஒட்டிப் பெரும் பூசல் எழுந்தது. ஆசிரியர்கள் ஒருபுறம், மேனேஜர்கள் ஒருபுறம், நடுவில் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1976இல் வந்த விசாரணை அறிக்கை ஆசிரியர்களோடு நிற்கவில்லை. மேனேஜர்களையும், தலையிட வேண்டிய நேரத்தில் தலையிடாத கல்வி ஆணையத்தையும் சேர்த்தே குறை சொன்னது. பள்ளியைக் கேட்கும் உரிமை யாருடையது, எப்படிக் கேட்பது என்ற விவாதம் அதன் பிறகு சூடுபிடித்தது. 1980இல் வந்த சட்டம், கவர்னர் குழுவில் பெற்றோர் தேர்ந்தெடுத்த பெற்றோருக்கு இடம் தருவதைக் கட்டாயமாக்கியது.

அங்கே வேரூன்றிய இரண்டு நடைமுறைகள் என் மனத்தில் தங்கிவிட்டன. குழுவாகக் கூடி முடிவெடுக்கும்போதுதான் அதிகாரம்; தனி ஆளாகப் பள்ளிக்குள் நுழையும் கவர்னர் எவருக்கும் கட்டளையிட முடியாது. வகுப்பில் போய் உட்காரலாம்; ஆசிரியரின் பாடத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. இது ஒன்று. மற்றது, பெற்றோர் ஓட்டில் வந்தவரானாலும் தன் பிள்ளையின் குறையை அந்த மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. அதற்கு மற்றப் பெற்றோருக்குள்ள வழியே அவருக்கும் வழி.

இந்த இரண்டாவது சொல்ல எளிது, நடக்கக் கடினம். தன் பிள்ளை அங்கே படிப்பதால்தான் ஒரு தாய் குழுவுக்குள் வருகிறாள். வந்த பிறகு அந்தப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு உட்கார் என்கிறோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஊரார் பிள்ளைக்கு ஊட்டுவதற்குக்கூடத் தன் பிள்ளையின் வளர்ச்சியைக் கூலியாகக் காட்ட வேண்டியிருக்கிறதே! பள்ளிக் குழுவில் அந்தக் கூலியும் நிச்சயமில்லை. மூன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்று கேட்கும் தாயின் மகள் வகுப்பில் முதலாவதாக இருக்கலாம். அவளுக்கு அந்தக் கேள்வியால் ஆவது ஒன்றுமில்லை. அதனாலேயே அது பெரிய கேள்வி.

இந்தப் பெண்களுக்குத் தெரிந்த சில செய்திகள் தலைமையாசிரியருக்குத் தெரியாது. எந்த வீடு செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டது, எந்தப் பையன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறான், எந்தப் பெண்குழந்தை பள்ளிக் கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள் என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் வராது, தெருக்குழாயடியில் வரும். கேள்வி கேட்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, கணக்குத் தணிக்கை தெரிய வேண்டியதில்லை. "பத்து நாளா அந்தப் புள்ள வரலையே சார், யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டால் போதும். அந்த ஒரு வரி தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த மாதம் அதற்கு யாரேனும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்பதாக நினைத்துக்கொண்டு கெடுப்பவர்களும் உண்டு. வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து ஆசிரியர் வரும் நேரத்தைக் குறிப்பவர், கட்சித் துண்டோடு வந்து நாற்காலி தேடுபவர், குழுத் தலைவியின் கணவர் என்ற ஒரே தகுதியில் தலைவியின் இடத்தில் உட்காருபவர். இவர்கள் பள்ளியை உடைமையாக நினைக்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். பாடத்தோடு பதிவேடுகளும் இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்களும் அவர் தலையில். அவரிடம் அதட்டிக் கேட்டால் அவரும் அடுத்த மாதம் கேள்விக்கே இடம் தராத கூட்டமாக நடத்தப் பழகிக்கொள்வார். வீட்டுக்கே புத்தகத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் வந்தது சோம்பலால் மட்டுமல்ல. கேள்வியை அவமானமாகப் பார்க்கும் பழக்கத்தாலும்தான். நல்ல தலைமையாசிரியர் கேள்வி வராத கூட்டத்தைக் கண்டு கவலைப்படுவார். பள்ளிக்கு வேண்டியதை மேலிடத்தில் கேட்க, ஊரின் குரல்தான் அவருக்குத் துணை.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், பள்ளிக் கவர்னராக இருக்கும் தொழிலாளிக்கு நியாயமான அளவு நேரத்தைக் கொடுக்க முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது; அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சொல்லவில்லை. நம் ஊரில் களையெடுக்கும் பெண் மூன்று மணிக் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போகிறது. அவள் தொண்டின் விலை நமக்கெல்லாம் கண்ணில் படுவதில்லை. அவள் வந்து உட்கார்ந்த பிறகு, ஏற்கெனவே எழுதிவைத்த தீர்மானத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது அந்த அரைநாளைத் திருடுவதாகும். கடுமையான சொல்தான், வேறு சொல் கிடைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை மூன்றாண்டுக்கு எழுத வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள். தமிழ்நாட்டில் குழுவின் காலம் இரண்டாண்டு. தொடக்கப் பள்ளியோ ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. நான்காம் வகுப்பில் படிக்கும் மகளுக்காகக் குழுவுக்கு வந்த ஒரு தாய், பெண்குழந்தைகளுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும் என்று திட்டத்தில் எழுத வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மனு ஒன்றிய அலுவலகம் போய், மதிப்பீடு தயாராகி, பணம் வந்து, கொத்தனார் வந்து, கதவு மாட்டும் நாளில் மகள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருப்பாள். தாய் குழுவில் இருக்கமாட்டாள். களையெடுக்கப் போகும் வழியில் பள்ளிச் சுவரோரம் ஒரு நிமிடம் நின்று, புதுக் கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் ஓசையைக் கேட்டுவிட்டு நடப்பாள். உள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது.