அச்சாரம்

ஒரு தோப்புக் காய்க்கு அச்சாரம் வாங்கியாச்சு. மறுநாள் இன்னொரு வியாபாரி வந்து காய்க்கு ஒரு ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார். 'பேச்சு முடிஞ்சு போச்சுங்க' என்று தோப்புக்காரர் கையை விரித்தால், 'மனுஷன்னா இவர்தான்' என்று ஊர் மெச்சும்.

சரி, தேங்காய்க்கு வாங்குகிற அச்சாரத்தை முகத்துக்கும் வாங்க முடியுமா?

கற்பனையாக ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கறம்பக்குடிக்காரி. வயது 19. சென்னை விளம்பர கம்பெனி ஒன்றுடன் 3 வருஷ மாடலிங் ஒப்பந்தம். அட்வான்ஸ் 50,000 ரூபாய். இடையில் விலகினால் 10 லட்சம் கட்டணும். கையெழுத்துப் போட்டுவிட்டாள். ரெண்டு மாசத்தில், 'எனக்கு இது ஒத்து வரலைப்பா' என்கிறாள். அப்பாவுக்குத் தூக்கம் போச்சு. போலீஸ் வருமா? வீட்டை ஜப்தி பண்ணுவாங்களா?

முதலில் அந்த அப்பாவுக்கு ஒரு ஆறுதல். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். கையெழுத்துப் போடும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவில் இன்னொன்றும் சொல்கிறது. ஒப்பந்தத்தில் 10 லட்சம் என்று எழுதியிருந்தால், அது உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ, அவ்வளவுதான் கோர்ட் கொடுக்கச் சொல்லும். அந்தப் பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் இருந்திருந்தால் கதையே வேறு. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொல்லிவிட்டது.

'வந்து கேமரா முன்னால் நில்லு' என்று கோர்ட் உத்தரவு போடுமா? போடாது. 1852-ல் லண்டனில் யோஹன்னா வாக்னர் என்ற பாடகி, ஒரு தியேட்டருக்குப் பாட ஒப்புக்கொண்டு, வேறு தியேட்டருக்குப் போகப் பார்த்தார். 'அங்கே பாடக் கூடாது' என்று தடுத்தது கோர்ட். 'இங்கே பாடு' என்று மட்டும் சொல்லவில்லை. நம் ஊர் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. ஒப்பந்தக் காலத்தில் வேறு கம்பெனிக்குப் போவதைத் தடுக்கலாம். காலம் முடிந்த பிறகும் பிடித்து வைக்க முடியாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கில், 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான்.

ஏன் இந்தக் கருணை? 'அட்வான்ஸ் வாங்கிட்டே இல்ல, கடன் தீர்ற வரைக்கும் இங்கேதான் கிடக்கணும்' என்பதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. கொத்தடிமை. 1976-ல் சட்டம் போட்டுத் தடை செய்த முறை. தேங்காயைக் கைமாற்றிவிடலாம். உடம்பையும் முகத்தையும் அப்படிக் கைமாற்ற முடியாது. அவை எப்போதும் அவளோடுதான் இருக்கும். அதனால் வாக்கு தவறினால் பணம் கேட்கலாம், ஆளைக் கேட்க முடியாது.

அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சட்டம் விட்டதோடு கணக்கு தீர்ந்துவிடுமா?

ஷூட்டிங் அன்று காலை வராமல் போனால், கம்பெனி வக்கீல் வைத்து நஷ்டத்தை வாங்கிக்கொள்ளும். விடியற்காலையில் பஸ் பிடித்து வந்த மேக்கப்காரர்? லைட் தூக்குகிற பையன்? அன்றைய கூலியை நம்பி வந்தவர்கள் அவர்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் கிடையாது. அவர்களுக்காக எந்த வக்கீலும் வரமாட்டார். ரெண்டு வாரம் முன்னாடியே 'முடியாது' என்று சொல்லியிருந்தால், அவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அதே 'முடியாது'தான். சொன்ன நாள்தான் வேறு.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. 50,000 கொடுத்துவிட்டு, புரியாத இங்கிலீஷில், பொடி எழுத்தில் 10 லட்சம் என்று எழுதி நீட்டுகிறீர்களே... நீங்கள் கேட்டது வாக்கா, இல்லை வைத்தது பொறியா? படிக்க ரெண்டு நாள் அவகாசம் கொடுக்காமல் வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு, 'சின்னப் பொண்ணுக்கு நேர்மை இல்லை' என்று பேசினால் எடுபடுமா?

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு இப்படி ஒரு காகிதத்தோடு வந்து நின்றால், 'எவ்வளவு தருவாங்க?' என்று கேட்பதற்கு முன்னால், விலகுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். அப்புறம் பிள்ளையிடம் சொல்லுங்கள்: 'பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம், தப்பில்லை. ஆனா, அடுத்தவன் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிடு.'