கத்தரிக்கோல் யார் கையில்?

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1940-இல் தன்னையே வரைந்துகொண்ட ஓவியம் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 40 சென்டிமீட்டர்தான். உடம்புக்குப் பொருந்தாத பெரிய ஆண் கோட்டும் கால்சட்டையும் அணிந்து, மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கத்தரிக்கோல். வெட்டிய கூந்தல் தரையெங்கும் சிதறிக் கிடக்கிறது. ஆனால் காதணியைக் கழற்றவில்லை. குதிகால் உயர்ந்த செருப்பும் காலில் இருக்கிறது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1939 இறுதியில், ஓவியர் தியேகோ ரிவேராவுடனான திருமணம் முறிந்திருந்தது. அதனால் இந்த ஓவியத்தைக் கைவிடப்பட்டவளின் துக்கம் என்பார்கள். ஆணாகிவிடும் ஆசை என்பாரும் உண்டு. இரண்டு விளக்கங்களிலும் நடுவில் நிற்பவன் ஆண். ஆனால் 1926-இல், ரிவேராவை மணப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, தந்தை எடுத்த குடும்பப் புகைப்படத்தில் ஃப்ரீடா ஆண் உடையில் நிற்கிறார். அப்போது வயது 18. அந்தக் கோட்டு கணவரிடமிருந்து வந்ததல்ல.

தமிழில் வாசிக்கும் நமக்குக் கூந்தல் களைதல் புதிதல்ல. கணவனை இழந்த பெண்ணின் கூந்தல் கொய்யப்படுவதைப் புறநானூறு பேசுகிறது. மொட்டையடித்து முக்காடிட்டு மூலையில் உட்காரவைக்கும் வழக்கம் சில சாதிகளில் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. களையப்படுவது இரண்டு இடத்திலும் கூந்தல்தான். அங்கே கத்தி ஊரின் கையில். இங்கே கத்தரிக்கோல் அவள் கையில்.

இதோடு நிறுத்திக்கொண்டால் போதுமா? காயம்பட்ட மனம் எடுக்கும் முடிவு சுதந்திரமானதா என்று ஒரு மாணவி கேட்டால், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. காயமே இல்லாத இடத்திலிருந்து எந்தப் பெண்ணும் முடிவெடுப்பதில்லை. எனவே முடிவு எங்கிருந்து பிறந்தது என்பதைவிட, அதை அவளால் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மழிக்கப்பட்ட விதவை மறுபடி முடி வளர்க்க முடியாது. ஃப்ரீடா 1941-இல் பின்னிய கூந்தலோடு தன்னை மீண்டும் வரைந்தார். அதற்குள் ரிவேராவை மறுமணமும் செய்திருந்தார். இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள், விடுதலைக்கு ஒரே ஒரு தலையலங்காரம்தான் உண்டு என்று நினைக்கிறார்கள்.

நம் வீட்டில் ஒரு பெண்ணோ திருநங்கையோ திருநம்பியோ பெயரை, உடையை, முடியை மாற்றும்போது, “இதுதான் நிஜமான நீயா?” என்று சான்றிதழ் கேட்கிறோம். நேற்று வேறாக இருந்ததையே இன்றைக்கு எதிரான சாட்சியாக்குகிறோம். ஃப்ரீடா வெட்டிய முடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வரையவில்லை. பழையது காலடியில் கிடக்க, புதியதில் உட்கார்ந்து நம்மை நேராகப் பார்க்கிறார். மாறுவதற்கு நேற்றை மறுக்க வேண்டியதில்லை. நாளைக்கு உத்தரவாதம் எழுதித் தரவும் வேண்டியதில்லை.