பழங்காசும் புதுத் துளையும்

கடையநல்லூர், தென்காசி நகைக்கடைகளில் தொங்கும் காசுமாலையின் காசுகள் மாலைக்கென்றே அச்சடித்தவை. அவற்றில் வளையம் பற்றவைப்பதால் யாருக்கும் இழப்பில்லை. ஈராயிரம் ஆண்டு பழைய கிரேக்கக் காசைப் பதக்கமாக்குவது அப்படிப்பட்டதா?

இத்தாலியின் புல்காரி நிறுவனம் 1960களிலிருந்தே பழங்காசு பதித்த நகைகளைச் செய்கிறது. நமக்கும் கிரேக்கக் காசு அயல்நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமக் காசுகளோடு கிரேக்கக் காசுகளும் கிடைத்துள்ளன. நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து 2009இல் நூலாக வெளியிட்டார்.

அணியலாம் என்போரிடமும் நியாயம் உண்டு. இந்தியாவில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் சிலவற்றில் அந்தக் காலத்திலேயே துளையிட்டிருக்கிறார்கள். நகையானதால் உருக்கப்படாமல் தப்பிய காசுகளும் இருக்கலாம். ஆனால் அன்று துளையிட்டவர் கையில் இருந்தது, கப்பல் வர வர மேலும் வரக்கூடிய பொருள். இன்று எஞ்சியிருப்பது இனி வராதது. துளை எழுத்தையும் எடையையும் கெடுக்கிறது. பளபளப்புக்காக அமிலத்தில் கழுவினால் முத்திரையே மழுங்குகிறது. இவற்றைவிடப் பெரிய கேடு, நகைச் சந்தை கேட்கக் கேட்க, கிடைத்த இடத்தைச் சொல்லாமல் காசுகள் கைமாறுவது. எந்த மண்ணில், எவற்றோடு கிடைத்தது என்று தெரியாத காசு, நம் வணிக வரலாற்றைப் பற்றிப் பாதிதான் பேசும்.

இதற்காக ஆற்று மணலை அரித்துக் காசு தேடிப் பிழைப்பவரை மட்டும் குற்றவாளியாக்குவது அறமாகாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் தருவது உலோக மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். செப்புக்காசுக்கு அது எவ்வளவு தேறும்? நேர்மையாக நடப்பவர் நட்டப்படும்படி விதி இருந்தால், திருத்த வேண்டியது விதியைத்தான்.

வாங்குபவருக்கோ இத்தகைய நெருக்கடி இல்லை. அவருக்கு வேண்டியது அழகு. அது நகலிலும் கிடைக்கும். தக்காணத்துக் கொண்டாப்பூரில் ரோமக் காசுகளைப் பார்த்துச் சுடுமண்ணில் பதக்கம் செய்தே அணிந்திருக்கிறார்கள். நம் பொற்கொல்லருக்கும் அச்சு வெட்டும் கலை தெரியும். காசு கொடுத்து வாங்கியதாலேயே பழங்காசைச் சிதைக்கும் உரிமை வந்துவிடாது. இன்னும் பிறக்காதவர்களுக்கும் அதில் பங்குண்டு. முன்னோர் துளையிட்டதை அப்படியே காப்போம். புதிய துளை வேண்டாம்.