கவந்தியின் பூக்கள்

என் பாட்டி பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பு ஒன்று எங்கள் முகப்பேர் வீட்டு லாஃப்டில் கிடக்கிறது. அந்தத் தையல் எந்தக் கண்டத்திலிருந்து வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்திப் பெண்களிடம் மட்டும் அந்தக் கேள்வி தவறாமல் போய்ச் சேர்கிறது. போர்த்துக்கீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அடியில் பழஞ்சேலை. அதன்மேல் கிழிசல் துண்டுகளை ஒரு மூலையில் வைத்துத் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிப் பூக்கள். பூ வைக்காத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்கள்!

இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? தக்காணத்துக் கிராமங்களில் மற்றவர்களும்தானே போர்வை தைக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் சான்று கேட்கப்படுவது யாரிடம்? சொந்தப் பெயரும் மொழியும் பிடுங்கப்பட்டவர்களின் பேத்திகளிடம். வரலாற்றை அழித்தவன் ஒருவன், ஆவணம் காட்ட வேண்டியவள் இன்னொருத்தி.

எல்லாவற்றையும் 'ஆப்பிரிக்க மரபு' என்று புகழ்ந்துவிட்டுப் போவதும் எனக்கு உவப்பாக இல்லை. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைக்கலாம் என்று முடிவெடுத்தவள் ஒரு பெண். அந்த முடிவைக் கண்டத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தும் 'எந்த ஊர், எந்த நாடு?' என்று கேட்கப்படுகிறவளுக்கு அந்தப் புகழ்ச்சியும் அதே கேள்வியாகத்தான் காதில் விழும். ஆப்பிரிக்கா தன்னுடையது என்றோ, கவந்தி இந்த மண்ணுடையது என்றோ, இரண்டும்தான் என்றோ சொல்லும் உரிமை அவளுடையது. நாம் கேட்க வேண்டியவை அவள் பெயரும் அவள் சொல்லும் விலையும்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி நாட்டுத் துணிகளோடு ஆய்வாளர்கள் அதை ஒப்பிடுகிறார்கள். 1891இல், வறுமையால், 10 டாலர் கேட்டவர் 5 டாலருக்கு அதை விற்றார். வாங்கிய பெண் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் கேட்டு எழுதிவைத்ததால், அவர் என்ன நினைத்துத் தைத்தார் என்பது நமக்குத் தெரிகிறது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே பவர்ஸ் பலமுறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.