விளக்கு மாறும் வேளை

மாற்றம் உலகத்தின் இயல்பு என்று கூறி அமைதி அடைவது எளிது. அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது என்று கேட்பது அரிது. எளியதைச் சொல்லிவிட்டு அரியதை மறக்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு அறிவியல் வகுப்பொன்றில் ஆற்றலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை ஒரு நிரலாகவும், ஞாயிற்றின் ஒளி, காற்று, நீர் ஆகியவற்றை மற்றொரு நிரலாகவும் பலகையில் எழுதினேன். உலகம் முதல் நிரலை விட்டு இரண்டாம் நிரலுக்கு மாறியாக வேண்டும் என்று கூறி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, எங்க அப்பா எண்ணெய் லோரி ஓட்டுறாரு. எல்லாரும் மாறிட்டா அவரு என்ன வேலைக்குப் போவாரு?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேறு வேலை கிடைக்கும், உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். ஆனால் அந்த விடை அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றல் மாறும்போதெல்லாம் மனிதர் வாழ்வும் இடம் மாறியிருக்கிறது. இதற்கு நம் கெடா மாநிலமே சான்று. பழந்தமிழர் இந்நாட்டைக் கடாரம் என்று அழைத்தனர். அவர்களைப் பூஜாங் பள்ளத்தாக்கின் கரைக்குக் கொண்டுவந்தது பருவக்காற்று. பாய்மரத்தை விரித்தவன் காற்றுக்காகக் காத்திருந்தான். காற்று திரும்பும்போது அவனும் திரும்பினான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்காகக் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. நிலக்கரியின் வெப்பத்தில் ஓடிய கப்பல்கள் நம் முன்னோரைக் கூட்டம் கூட்டமாகப் பினாங்குத் துறையில் இறக்கின. அவர்கள் எதற்காக வந்தனர்? கரும்புக்காகவும் காப்பிக்காகவும் முதலில் வந்தனர். பின்னர் இரப்பருக்காக வந்தனர். இரப்பரை உலகம் ஏன் அத்துணை வேட்கையோடு வாங்கியது? எண்ணெயில் ஓடும் மோட்டார் வண்டிக்குச் சக்கரம் வேண்டியிருந்தது. ஆகவே, நம் தோட்டங்களும் லயங்களும் தோட்டப் பள்ளிகளும் எண்ணெய்க் காலத்தின் பிள்ளைகள் என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தக் காலம் முடிவை நோக்கிச் செல்லும்போது, அதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மின்னாக்கி இயந்திரம் ஒன்று இருந்தது. அது மாலையில் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கே துணை. அந்த விளக்கடியில் படித்துத்தான் ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் தகுதியைப் பெற்றேன். ஆதலால் எண்ணெயைப் பழிக்க என் நா எழுவதில்லை. 1974-ஆம் ஆண்டில் பெட்ரோனாஸ் தோன்றிய பின், நாட்டின் எண்ணெய் வருவாய் சாலைகளாகவும் பள்ளிகளாகவும் மாறியதை நாம் கண்டோம். உதவிய பொருளை இகழ்வது செய்ந்நன்றி மறத்தலாகும். ஆயினும், நன்றியுணர்வு வேறு. நன்மை தீமைகளை ஆராயும் அறிவு வேறு.

அந்த அறிவு இன்று சொல்வது என்ன? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் கூடுகிறது, கடல் மட்டம் உயர்கிறது, மழை தன் முறையை மறக்கிறது. கோலா கெடாவின் ஆற்று முகத்தில் நின்று பார்ப்பவர்க்கு இது வெறும் புள்ளிவிவரமன்று. ஒருபுறம் படகை நம்பிய மீனவர். மறுபுறம் கடலோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் பரந்து கிடக்கும் மூடா சமவெளியின் நெல்வயல்கள். 2023-ஆம் ஆண்டு துபாயில் கூடிய உலக நாடுகள், புதைபடிவ எரிபொருளை விட்டு விலக வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. அதே ஆண்டில் மலேசியா தன் தேசிய ஆற்றல் மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. 2050-ஆம் ஆண்டுக்குள் மின்னாக்கத் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

எனவே, மாற வேண்டுமா என்பது இனி வினாவன்று. எவ்வாறு மாற வேண்டும் என்பதே அறத்தின் வினா.

இந்நாட்டில் ஆற்றல் மாறியபோது நடந்த ஒன்றை நினைவுகூர்வோம். சிலாங்கூரில் பத்து ஆராங் என்னும் ஊர் உண்டு. 1915-ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிலக்கரி வெட்டப்பட்டது. சீனரும் தமிழரும் அந்தச் சுரங்கத்தில் உழைத்தனர். மலாயாவின் இரயில்களும் மின்நிலையங்களும் அக்கரியால் இயங்கின. பின்னர் எண்ணெய் மலிந்தது. இரயில் டீசலுக்கு மாறியது. 1960-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. நாடு முன்னேறியது; இது உண்மை. அந்த முன்னேற்றத்தின் விலையைக் கொடுத்தவர் யார்? கரி வெட்டியே கை காய்த்த தொழிலாளர் அல்லரோ?

அதே காலத்தில் தோட்டத் துண்டாடல் நம் மக்களைத் தாக்கியது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையோடு வீடும், வீட்டோடு பள்ளியும் கோயிலும் போயின. ஆனால் இங்கே வரலாறு வேறொரு பாடத்தையும் எழுதியது. துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால் வெட்டிய கைகள் தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டின. அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். நேற்றுவரை கூலியாக நின்றவர் உடைமையில் பங்காளியானார். பத்து ஆராங்கில் மாற்றம் தொழிலாளரின் தலைமேல் விழுந்தது. புக்கிட் சிடிமில் தொழிலாளர் மாற்றத்தின் கையைப் பிடித்து நிறுத்தித் தமக்கும் பங்கு கேட்டனர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவே, நான் கூற வந்த அறத்தின் அளவு.

இன்று கெடாவில் புதிய தோட்டங்கள் தோன்றியுள்ளன. கோலா கெட்டிலில் 50 மெகாவாட், புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் என ஞாயிற்றொளியை மின்னாக்கும் பண்ணைகள் விரிந்து கிடக்கின்றன. கூலிம் தொழிற்பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் என்னும் அமெரிக்க நிறுவனம் 2008 முதல் ஒளித்தகடுகளைச் செய்து வருகிறது. இவை பெருமைக்குரியவையே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரப்பர் மரத்துக்கு நாள்தோறும் வெட்டும் கை வேண்டும். ஒளித்தகட்டுக்கு அது வேண்டா. அதை நிறுவும்போது பலர் தேவை. நிறுவிய பின் சிலரே போதும். முன்பு பல குடும்பங்களுக்குச் சோறிட்ட அளவு நிலம், இப்போது வேலியும் காவலாளியுமாக நிற்கக்கூடும்.

இதற்கு மறுப்பும் உண்டு. "மாட்டுவண்டிக்காரனுக்கு எவரேனும் இழப்பீடு கொடுத்தனரா? காலம் மாறும்போது சிலர் வீழ்வது இயற்கை" என்பர். இழப்பீடு கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால், ஒரு தவறு முன்பு நடந்தது என்பது அது மீண்டும் நடப்பதற்கு நியாயமாகுமா? வெள்ளம் இயற்கை; அணை கட்டாமல் விட்டது மனிதர் செயல்.

மற்றொரு சாரார், "ஏழைகளுக்கு இன்னல் வருமாதலால் மாற்றத்தைத் தள்ளிப்போடுவோம்" என்பர். கேட்பதற்கு இரக்கமாகத் தோன்றும். ஆனால் தாமதத்தின் விலையையும் ஏழையே கொடுக்கிறான். உயரும் கடல் முதலில் தட்டுவது கரையோரக் குடிசையின் கதவைத்தான். கடும் வெயிலில் முதலில் சாய்வது வெளியில் வேலை செய்பவனே. ஆதலால், நீதியைக் காரணம் காட்டி மாற்றத்தை நிறுத்துவதும் முறையன்று. மாற்றத்தைக் காரணம் காட்டி நீதியை நிறுத்துவதும் முறையன்று.

அங்ஙனமாயின் எது முறை? மூன்றைக் கூறலாம்.

முதலாவது, பயன் பெற்றவரே முதலில் சுமக்க வேண்டும். நூறாண்டுக்கு மேலாகக் கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளுக்கும், நேற்றுத்தான் விளக்கேற்றிய நாடுகளுக்கும் ஒரே சுமை தகாது. 1992-ஆம் ஆண்டின் உலகப் பருவநிலை உடன்படிக்கை இதை ஏற்றுக்கொண்டுள்ளது. நாடுகளுக்குப் பொருந்தும் இந்நெறி வீடுகளுக்கும் பொருந்தும். கூரை உடையவன் தகடு பதித்து மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறான். அடுக்குமாடியின் மலிவு வீட்டில் இருப்பவனுக்குக் கூரையே இல்லை. அவனுக்கும் ஒரு வழி காட்டாத திட்டம் முழுமையானது ஆகாது.

இரண்டாவது, வேலை போகும் முன்பே புதிய தொழிலைக் கற்பிக்க வேண்டும். பின்னால் வரும் பயிற்சி, மூழ்கியவனுக்குக் கரையிலிருந்து நீச்சல் சொல்லிக் கொடுப்பது போன்றது.

மூன்றாவது, உடைமையில் பங்கு வேண்டும். ஞாயிறு எவருக்கும் தனியுடைமையன்று. அதன் ஒளியை அறுவடை செய்யும் பண்ணையில் அந்தந்த ஊர் மக்களும் கூட்டுறவாகப் பங்கு பெறுவது இயலாத செயலன்று. புக்கிட் சிடிம் அதற்கு முன்மாதிரி. வள்ளுவர் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஊரோடு பகிர்ந்து வாழும் அந்த நெறிக்கு இன்றைய பெயர்களுள் ஒன்று கூட்டுறவு.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவன் தந்தை இன்னும் எண்ணெய் லோரிதான் ஓட்டுகிறார். மீண்டும் அவன் அதே வினாவை எழுப்பினால், "உட்கார்" என்று சொல்ல மாட்டேன். "தம்பி, உன் அப்பா ஓட்டிய லோரியால்தான் இந்த ஊரின் விளக்குகள் எரிந்தன, வண்டிகள் ஓடின. விளக்கை மாற்றும் நாளில் அவரை இருளில் நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. அதை உலகம் மறந்தால், நினைவூட்டும் கடமை நமக்கு உண்டு. நீ மின்தொழிலைப் படி, உன் அப்பாவுக்காகப் பேசவும் கற்றுக்கொள்" என்பேன்.

ஆசிரியர்களாகிய நாம் பலகையில் இரண்டு நிரல்களை மட்டும் எழுதுகிறோம். இனி மூன்றாம் நிரல் ஒன்றையும் எழுதுவோம். அதில் ஆற்றலின் பெயர் வேண்டா. மனிதர்களின் பெயர் இருக்கட்டும்.