விட்டுத் திருப்புதல்

பட்டப் போட்டியில் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது நடுவரின் விசில் அல்ல. துல்லியப் பிரிவில் ஆடுகிறவர் பட்டத்தை மேலே ஏற்றி, தனக்குத் திருப்தியான இடத்துக்கு அது வந்ததும் ‘இன்’ என்று உரக்கச் சொல்வார். அந்தச் சொல்லிலிருந்து வானத்தில் அவர் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் மதிப்பெண் உண்டு. உருவம் முடிந்ததும் ‘அவுட்’ என்பார். அதற்குப் பிறகு பட்டம் எப்படிப் போனாலும் கேட்பாரில்லை. எங்கே தொடங்குகிறேன், எங்கே முடிக்கிறேன் என்று அறிவிக்கும் உரிமை முழுக்க அவருடையது. நடுவில் வீசுகிற காற்று மட்டும் அவருடையதல்ல.

நம் ஊரில் பட்டப் போட்டி என்றால் டீல்தான். அடுத்தவன் நூலை அறுப்பதே வெற்றி. அதற்காகக் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா, அந்த மாஞ்சா பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த செய்திகள், தடை, போலீஸ் சோதனை என்று காத்தாடியின் பெயரே கெட்டுப்போயிற்று. நான் சொல்லவந்தது அறுக்கிற விளையாட்டைப் பற்றி அல்ல. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று பல நாட்டுக் கடற்கரைகளில் நடக்கும் ஸ்போர்ட் கைட் போட்டிகளில் எதிராளியின் பட்டம் ஆகாயத்திலேயே இருக்காது. ஒருவர் முடித்து நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் வருவார். கையில் இரண்டு நூல், சில வகைகளில் நான்கு. வலது நூலை இழுத்தால் பட்டம் வலப்பக்கம் திரும்பும், இடது நூலை இழுத்தால் இடப்பக்கம். இவ்வளவுதான் கருவி. துல்லியப் பிரிவில், விதிப்புத்தகத்தில் இருக்கும் உருவங்களை வானத்தில் பிசகாமல் போட்டுக் காட்ட வேண்டும். பாலே பிரிவில், தான் தேர்ந்தெடுத்த இசைக்குப் பட்டத்தை ஆடவைக்க வேண்டும். தனியாகவும் இருவராகவும் குழுவாகவும் ஆடலாம். பெரும் பரிசுப்பணம் புழங்கும் விளையாட்டல்ல இது. ஆனாலும் இதற்கென்றே ஆயுளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்? ஒரு நேர்கோட்டை எடுத்துக்கொள்வோம். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறவருக்கு முன்னால், ஓர் உருண்டையைக் காலாக அரிந்தது போல ஒரு வெளி கிடைக்கிறது. பட்டம் அந்த எல்லைக்குள்தான் பறக்கும். அதன் நடுவில் இழுவை அதிகம், பட்டம் பாயும். ஓரத்துக்குப் போகப் போக வலுவிழந்து தளரும். நடுவரோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வேகத்தை எதிர்பார்க்கிறார். ஆகவே பட்டம் நடுவில் பாயும்போது ஆடுகிறவர் அதை நோக்கி முன்னே நடக்கிறார், வேகம் தணிகிறது. ஓரத்தில் தளரும்போது பின்னால் நடந்து இழுவை கொடுக்கிறார். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது மேலே ஓடிய நேர்கோடு. அதைக் காப்பாற்றுவதற்காக மணலில் முன்னும் பின்னுமாக அலைந்த கால்களை யாரும் பார்ப்பதில்லை.

தரையிறக்குவதும் அப்படித்தான். வேகமாக இறங்கிவரும் பட்டத்தைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, இரண்டு சிறகு நுனிகளும் ஒரே கணத்தில் மண்ணைத் தொடும்படி உட்காரவைக்க வேண்டும். நிறுத்துவதற்குப் பிடித்து இழுத்தால் பட்டம் இன்னும் வேகமெடுக்கும். நூலின் இறுக்கம் தணிய, பட்டத்தை நோக்கி அடியெடுத்து வைக்க வேண்டும். விழப்போகும் ஒன்றைக் கண்டால் பின்வாங்கி இழுப்பது உடம்பின் சுபாவம். அந்தச் சுபாவத்தை மாற்ற எத்தனை ஆண்டுச் சாதகம் வேண்டும்!

மூலை திருப்புவதில் பழகிய கையும் பழகாத கையும் தெரிந்துவிடும். சதுரத்தின் மூலை மழுங்காமல் சுருக்கென்று திரும்ப வேண்டும். புதிதாக வருகிறவர், திருப்ப வேண்டிய பக்கத்து நூலை வெடுக்கென்று இழுப்பார். பட்டம் திரும்பத்தான் செய்யும், ஆனால் அகலமாக வளைந்து திரும்பும். பழகியவர் பெரும்பாலும் மறுபக்கக் கையை முன்னே நீட்டுவார். அந்தப் பக்கத்து நூல் ஒரு நொடி தளரும், அவ்வளவுதான், பட்டம் நின்ற இடத்திலேயே முனை திரும்பிவிடும். இழுத்துத் திருப்புவது ஒன்று, விட்டுத் திருப்புவது ஒன்று. இதற்கும் மேலே வித்தைகள் இருக்கின்றன. பட்டம் வயிறு மேலாகப் புரளும், தட்டு போலத் தட்டையாகச் சுழலும். அவையெல்லாம் நூல் தொய்ந்த கணத்தில்தான் நடக்கும். இறுக்கிப் பிடித்த நூலில் ஒரு வித்தையும் வராது.

மனத்தைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதெல்லாம் பெரும்பாலும் இழுக்கிற பாடம். அடக்கு, கட்டு, இழுத்துப் பிடி. ஜபத்துக்கு உட்கார்ந்தால் மனம் கடன் பாக்கிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் போகிறது. இழுத்துக்கொண்டு வந்தால் வருகிறது. ஆனால் அகலமாக வளைந்து, வழியில் நாலு இடத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. இந்தப் பக்கம் இழுப்பதை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் எதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தால் என்ன? ஒருவர் நம்மைச் சபையில் மதிக்கவில்லை என்ற ஆற்றாமையாக இருக்கும், பெரும்பாலும் அப்படி ஏதோ ஒன்றுதான். அதைத் துறந்துவிட வேண்டும் என்றில்லை. ஒரு விரற்கடை தளர்த்தினால் போதும், மனம் தானே திரும்புகிறது. முழுக்க விட்டுவிட்டால் பட்டம் விழுந்துவிடும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விடு என்று மேடையில் சொல்வது சுலபம். எந்த நூலை, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி காற்று. இத்தனை வேகத்துக்குக் குறையாமல், இத்தனை வேகத்துக்கு மிகாமல் காற்று இருந்தால் ஆட்டம் செல்லும் என்று விதிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புக்குள் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் முறைக்குக் கடலிலிருந்து சீரான காற்று வரும். அடுத்தவர் உள்ளே வரும்போது திசை மாறி, கட்டடங்கள் மீது புரண்டு, குதித்துக் குதித்து வரும். இருவரின் மதிப்பெண்ணும் ஒரே தாளில் ஏறும். இது அநியாயம் என்று ஒரு மனம் சொல்கிறது. மழை பெய்த வருஷத்து விவசாயியும் பொய்த்த வருஷத்து விவசாயியும் ஒரே நிலத்தை உழுதவர்கள் என்று இன்னொரு மனம் சொல்கிறது.

நம் முயற்சி எவ்வளவு, வந்து சேரும் அருள் எவ்வளவு என்பதைப் பற்றி வைணவத்தில் நூற்றாண்டுகளாக ஒரு வழக்கு நடக்கிறது. வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். தாய் தாவும்போது குட்டிதான் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள். அது ஒன்றும் செய்யாமல் கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். பட்டம் விடுகிறவரின் கைகளை மட்டும் பார்த்தால் வடகலையார் இவர் எங்கள் கட்சி என்பார்கள். ஒரு கணமும் ஓயாத பற்றுதல். பட்டத்தை மட்டும் பார்த்தால் தென்கலையார் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தூக்கிப்போவது காற்று, இதில் அவர் செய்தது என்ன? தேர்ந்த ஒருவரிடம் வயதாக ஆகக் கையசைவு குறைந்துகொண்டே போவது இந்த இரண்டாம் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் கை சும்மா இருப்பதாகத் தெரிகிற அந்த நிலைக்கு வருவதற்குத்தான் அத்தனை வருஷம் ஆகிறது.

இந்த விளையாட்டின் முன்கதை சாந்தமானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக பால் கார்பர் என்பவர் நூல்களால் திருப்பக்கூடிய ஒரு பட்டத்தை உருவாக்கினார். எதிரி விமானத்தின் உருவத்தை அதில் வரைந்து பறக்கவிட்டு, கப்பல் பீரங்கி வீரர்களைச் சுட்டுப் பழகச் சொன்னார்கள். 1972இல் இங்கிலாந்தில் பீட்டர் பவல் தம் இரு நூல் பட்டத்தை வடிவமைத்த பிறகு, கடற்கரைகளில் சாதாரண மக்கள் வானத்தில் எட்டு போடத் தொடங்கினார்கள். குறிவைத்துச் சுடப்படுவதற்காகத் திரும்பிக்கொண்டிருந்த ஒன்று, அப்படித்தான் இசைக்குத் திரும்ப ஆரம்பித்தது.

கனடாவின் வான்கூவரில் வாழ்ந்த ரே பெத்தெல் என்பவர் பட்டம் விடும் காணொளி ஒன்று பல ஆண்டுகளாக, கைபேசிகளில் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பின்னணியில் இரண்டு பெண்குரல்கள். தெலிப் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் ‘லாக்மே’ என்ற ஆப்பராவில் வரும் பாட்டு அது. 1883இல் பாரிஸில் அரங்கேறிய அந்த ஆப்பராவின் கதை நடப்பது நம் நாட்டில்தான், நாயகி ஓர் அந்தணரின் மகள். அந்தக் குரல்களுக்கு ஏற்ப மூன்று பட்டங்கள் சேர்ந்தும் பிரிந்தும் ஆடுகின்றன. மூன்றையும் விடுகிறவர் ஒரே ஆள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, மூன்றாவது இடுப்பில். இடுப்பைத் திருப்பினால் அந்தப் பட்டம் திரும்பும்.

நம் மரபில் இதற்கு நெருங்கிய உறவு, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து விடை சொல்லும் கவனகம்தான். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச்சில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம் செய்து காட்டினார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பவர் ஒருபுறம், முதுகில் எறிவதை எண்ணச் சொல்பவர் ஒருபுறம், இடையில் மணியோசைக் கணக்கு. கவனத்தை நூறு துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் ஒன்றுக்கும் பற்றாது. ஒரே கவனம் முழுசாக விரிந்திருந்தால்தான் நூறும் அதற்குள் இடம்பெறும். பெத்தெல் மூன்று பட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றும் மோதியிருக்கும்.

ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பட்டம் ஒரு முழு வட்டம் அடித்தால் அதன் இரண்டு நூல்களும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளும். நூல் வழவழப்பானது என்பதால் பல முறுக்கு விழுந்த பிறகும் இழுத்த இழுப்புக்குப் பட்டம் கேட்கும். ஆனால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வலப்பக்கம் அடித்த ஒவ்வொரு வட்டத்தையும் எப்போதாவது இடப்பக்கம் அடித்துக் கழிக்க வேண்டும். மூன்று பட்டங்கள் என்றால் மூன்று பேரேடு. பார்க்கிறவர்களுக்கு அது ஆனந்த நடனமாகத் தெரிகிறது. நடனத்துக்குள்ளேயே கடன் தீர்ந்துகொண்டிருக்கிறது. வினைத்தீர்வு என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

1928இல் பிறந்த பெத்தெல் 2018இல் காலமானார். முதுமையில் அவருக்குக் காது கேட்கவில்லை. அவர் ஆடி முடித்ததும் கூட்டம் கைதட்டாது, கைகளை உயர்த்தி அசைக்கும். காணொளியோடு வரும் செய்தி, எண்பது வயதில், காதும் கேளாமல், இப்படிச் செய்கிறாரே என்று உருகுகிறது. அந்த உருக்கம் எனக்கு ஒட்டவில்லை. குறை இருந்தும் செய்தார் என்று ஒரு சாதகரைப் பாராட்டுவதில் அவருடைய சாதகம் காணாமல் போய்விடுகிறது. வான்கூவரின் வேனியர் பூங்காவில், கடலோரப் புல்வெளியில், பரிசும் நடுவரும் இல்லாத நாட்களிலும் அவர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

காற்றே இல்லாத இடத்திலும் இந்த விளையாட்டு நடக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் லாங் பீச்சில், குளிர்காலத்தில், கூரைக்குக் கீழே பட்டம் விடுகிறார்கள். மின்விசிறிகூடக் கிடையாது. ஆடுகிறவர் மெல்லப் பின்னால் நடக்கிறார், பட்டம் எழுகிறது. அவர் நின்ற இடத்தில் சுற்ற, அது அவரை வலம் வருகிறது. நடையை நிறுத்தினால் இறங்கிவிடும்.

குரங்குக்குட்டிக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, கொடுப்பவர் யாருமில்லாதபோதும் முயன்றவருக்குக் கிடைத்ததே என்பார்கள். பூனைக்குட்டிக் கட்சி அசராது. அவர் நடந்து காற்றை உண்டாக்கவில்லை ஐயா, அந்த மண்டபம் முழுக்க அது முன்பே நிறைந்திருந்தது, அவர் அதற்குள் நகர்ந்தார், அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் உறவினர்கள் உண்டு. அடுத்த விசேஷத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எடுத்துப்போடலாம் என்றிருக்கிறேன்.