தேரும் திறவுகோலும்

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். எழுபத்து நான்கு வயது. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு முதல் திருப்பலிக்குத் தவறாது வருபவர். ஆயினும் நம்மிடம் தனியே பேச வந்தது அதுவே முதல் முறை. நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கார்ச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சாமி, ஒரு வண்டி மேல ஆசை வைக்கிறது பாவமா?" என்று கேட்டார்.

அது ஒப்புரவு அருட்சாதனம் அன்று, உரையாடல்தான். அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறோம். ஏனெனில், அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டையோ, நிலத்தையோ, இசைக்கருவியையோ, தையல் எந்திரத்தையோ நெஞ்சார நேசித்து, முதுமையில் அதை விட்டுப் பிரிய வேண்டிய ஒவ்வொருவருக்கும் உரியது அக்கேள்வி.

அவர் இளைஞராயிருந்தபோது, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடைபெற்ற கார்ப் பந்தயங்களைக் காணச் செல்வாராம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. போர் ஓய்ந்தபின் பந்தயத் திடலாக மாறிற்று. 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் அமையும்வரை தமிழகத்துப் பந்தய ஆர்வலர்களுக்கு அதுவே திருத்தலம் போன்றது. அங்கே தொற்றிக்கொண்ட ஆசை அவரை இன்றுவரை விடவில்லை. ஆயினும் ஆசிரியரின் ஊதியத்தில் பந்தயக் காருக்கு எங்கே போவது? பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்துப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கினார். சென்னையில் உருவான இரண்டு கதவு வண்டி. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். பிறர் கண்ணுக்கு அது பழைய குடும்பக் கார். அவர் கண்ணுக்கோ வேறு. ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலிய நாட்டவரான மிக்கெலோட்டி. அதே மனிதர், அதே வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962இல் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் உருவாக்கித் தந்தார். "அது அக்கா, இது தங்கச்சி சாமி, ஒரே வயிற்றுப் பிள்ளைங்க" என்று சொல்லும்போது பெரியவரின் முகம் மலர்ந்தது.

அந்த வண்டியின் பானெட், முன் சக்கரங்களின் மேல்மூடிகளோடு சேர்ந்து முன்புறமாக முழுவதும் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே எஞ்சினைப் பழுது பார்க்கலாம். அப்படி அமர்ந்துதான் அவர் தம் மாணவர் பலருக்குத் தொழில் கற்பித்திருக்கிறார். கார்புரேட்டரின் ஒலியைக் காதால் கேட்டே குறை கண்டுபிடிக்கவும், குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துவிட்டு எஞ்சின் சூடேறும்வரை காத்திருக்கவும் அவ்வண்டி அவருக்குக் கற்றுத் தந்ததாம். "வேகமாப் போறது பெரிசில்லை சாமி. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் ஓட்டுநர்" என்று தம் மாணவர்களுக்கு ஓயாது சொல்வாராம்.

இப்போது கண் மருத்துவர், குளுக்கோமா நோயால் அவருடைய பக்கவாட்டுப் பார்வை குறுகிவிட்டது என்றும், இனி வண்டி ஓட்டலாகாது என்றும் சொல்லிவிட்டார். மகள் தொலைபேசியில், "அப்பா, வண்டியை வித்துடுங்க" என்று மன்றாடுகிறாள். அவருடைய உள்ளத்தை அரித்ததோ வேறோர் ஐயம். கடவுளைவிட அதை மிகுதியாக நேசித்ததனால்தான் கடவுள் அதைத் தம்மிடமிருந்து பறிக்கிறாரோ என்பதே அது.

உலகப் பொருள்கள் யாவும் அழியக்கூடியவை, அவற்றின்மேல் பற்று வைக்கலாகாது என்று நாம் உடனே விடையளித்திருக்கலாம். நம் நாவின் நுனிவரை அச்சொற்கள் வந்தன. மறையுரை மேடையில் நாம் பன்முறை சொல்லிப் பழகிய சொற்கள் அவை. ஆனால் அந்த முதிய முகத்தைப் பார்த்தபோது, அவ்விடை உண்மையில் பாதியே என்று தோன்றிற்று.

புனித அக்குவினாஸ் தோமையார் அழகுக்கு மூன்று கூறுகள் உண்டு என்பார்: முழுமை, ஒத்திசைவு, ஒளிர்வு. குறைவுபடாதிருத்தல், உறுப்புகள் தம்முள் பொருந்தியிருத்தல், கண்டதும் உள்ளத்தை ஈர்க்கும் தெளிவு உடைமை. ஆலயக் கோபுரத்திற்கும் வீணைக்கும் பொருந்துகிற இவ்விலக்கணம், செவ்வனே செய்த ஓர் எந்திரத்திற்கும் பொருந்தும். மனிதன் படைப்பாளியின் சாயலில் படைக்கப்பட்டவன் என்றால், அவன் கை செய்த நல்ல பொருளைக் கண்டு மகிழ்வது எப்படிப் பாவமாகும்? அதே தோமையார், விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய நற்பண்பு ஒன்று உண்டு என்று விளக்குமிடத்தில், நற்செய்தியாளர் அருளப்பரைப் பற்றிய மரபுக் கதை ஒன்றை எடுத்தாளுகிறார். தம் சீடரோடு அருளப்பர் விளையாடிக் கொண்டிருந்ததைக் கண்ட சிலர் இடறல் பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அவர் அம்பு எய்யச் சொன்னார். பல முறை எய்தபின், இடைவிடாது இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே என்பது அவர் தந்த பாடம். திருச்சபையும் இதை மறக்கவில்லை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1925இல் உரோமைப் புனித பிரான்சிஸ்காவைக் கார் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். இருளில் அப்புனிதைக்கு வானதூதர் ஒளிகாட்டி வழிநடத்தினார் என்பது மரபு.

ஆகவே ஆசையே பாவமன்று. எனினும் ஆசைக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கடந்தோர் கதைகளும் உண்டு.

1909ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பிகாரோ நாளேட்டில் மரினெத்தி என்னும் இத்தாலியக் கவிஞர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாய்ந்து செல்லும் பந்தயக் கார், பழங்கிரேக்கரின் வெற்றித் தேவதைச் சிலையினும் அழகியது என்று அதில் முழங்கினார். அதோடு நின்றாரில்லை, வேகத்தைத் தெய்வமாக்கினார், போரையும் போற்றினார். அழகு வழிபாடாகும்போது மனித உயிர் மலிவாகிறது. 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில், ஒரு கார் தூக்கி எறியப்பட்டுப் பார்வையாளர் கூட்டத்தில் விழுந்தது. ஓட்டியவரும் பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அன்று பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் முழுவதும் ஒரே வேளையில் வெளியேறினால் மீட்பு வண்டிகளுக்குச் சாலை அடைபடும் என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும், இறந்தோரை அகற்றும் வேளையிலும் கார்கள் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காட்சி நம்மை இன்றும் நடுங்க வைக்கிறது.

அத்தகைய வேகம் பந்தயத் திடலில் மட்டுமா உள்ளது? நம் இந்திய நாட்டுச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடக்கத் திருப்பலி நிறைவேற்றும் நாம் அந்த எண்களை எண்களாகப் பார்ப்பதில்லை. தாயின் அலறலாகக் கேட்கிறோம். பழைய ஏற்பாட்டில், இஸ்ரயேலின் காவற்கோபுரத்தில் நின்ற காவலன், தொலைவில் வருபவன் ஏகூ என்பதை முகம் காணுமுன்பே அவன் தேரோட்டும் வெறியைக் கொண்டு கண்டுகொண்டான். ஒருவன் வண்டி ஓட்டும் முறை அவன் உள்ளத்தைக் காட்டிவிடுகிறது. இதனை உணர்ந்தே வத்திக்கானின் திருப்பீட அவை ஒன்று 2007ஆம் ஆண்டு, சாலை மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டி ஏட்டில் ஓட்டுநர்க்கான பத்துக் கட்டளைகளை வகுத்தது. கார் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஓட்டத் தகுந்த நிலையில் இல்லாதோரை, அவர்கள் இளையோராயினும் முதியோராயினும், அன்போடு பேசி ஓட்டாதிருக்கச் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

அப்படியானால் நல்ல ஆசைக்கும் தீய பற்றுக்கும் உரைகல் யாது? புனித அகுஸ்தீனார் கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலில், பொருள்களைப் பயன்படுத்துவதற்கும் அவற்றிலேயே இன்புற்று நின்றுவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறார். அதற்கு அவர் தரும் உவமை வியப்புக்குரியது. தாயகம் திரும்ப விழையும் ஒருவனுக்கு ஊர்தி வேண்டும். ஆனால் வழியின் வனப்பிலும் ஊர்தியின் ஓட்டத்திலுமே அவன் மயங்கிவிட்டால் தாயகத்தை மறந்துவிடுவான் என்கிறார். கார் என்பதே அறியாத காலத்தில், கார் ஆர்வலர்க்கென்றே எழுதியது போலிருக்கிறது. ஊர்தியை வெறுக்கும்படி அவர் சொல்லவில்லை. ஊரை மறவாதே என்றே எச்சரிக்கிறார்.

இதற்கு நம் காலத்தில் அழகிய சான்று ஒன்று உண்டு. பெராரி நிறுவனம் என்சோ என்னும் பெயரில் 399 கார்களை விற்பனைக்கென உருவாக்கியது. பின்னர் நானூறாவதாக ஒன்றைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்கு அளித்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும், இலங்கை, இந்தோனேசியக் கரைகளையும் சூறையாடியிருந்த நேரம் அது. திருத்தந்தை அந்தக் காரைப் பழிக்கவில்லை; தமக்கென வைத்துக்கொள்ளவும் இல்லை. அதை விற்று ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும்படி கேட்டுக்கொண்டார். 2005 ஜூனில் அது ஏலம் போனபோது அவர் இறைவனடி சேர்ந்திருந்தார். ஒன்பது இலட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்த தொகை துயர்துடைக்கும் பணிக்குச் சென்றது. உலகின் மிக வேகமான கார்களுள் ஒன்று, அன்பின் கையில் அகப்பட்டபோதுதான் தன் உண்மையான ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சுருக்கமாகச் சொன்னோம். "உங்கள் வண்டி உங்களை யாரிடமிருந்தாவது பிரித்ததா ஐயா?" என்று கேட்டோம். எண்ணிப் பார்த்துவிட்டு, மனைவியின் பிரசவத்துக்கு அதில்தான் அழைத்துச் சென்றதையும், அண்டை வீட்டார் பலரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததையும், அதன் கீழ்ப் படுத்துத் தொழில் கற்ற பிள்ளைகள் இன்று பிழைத்து வருவதையும் சொன்னார். "அப்படியானால் கடவுள் உங்களைத் தண்டிக்கவில்லை. உங்கள் கண்களுக்கு வயதாகிறது, அவ்வளவே" என்றோம். முதுமையைத் தண்டனை என்று எண்ணுவது இறைவனுக்கு நாம் இழைக்கும் அநீதி.

ஆயினும் சாவியைக் கொடுக்கும் வேதனை சிறிதன்று. இதனைப் பிள்ளைகள் உணர வேண்டும். வண்டி போனால் முதியவர்க்குப் போவது வண்டி மட்டுமன்று. தம் விருப்பப்படி புறப்படும் உரிமையும் போகிறது. உயிர்த்த ஆண்டவர் பேதுருவை நோக்கி, இளமையில் விரும்பிய இடமெல்லாம் சென்ற நீ, முதுமையில் கைகளை விரித்து நிற்பாய், வேறொருவர் உன்னை விரும்பாத இடத்திற்குக் கூட்டிச் செல்வார் என்ற பொருளில் உரைத்தார். விண்ணரசின் திறவுகோல் பெற்றவருக்கே சொல்லப்பட்ட சொல் இது. அப்பேதுருவின் வழித்தோன்றலாகிய பதினாறாம் ஆசீர்வாதப்பர், உடலும் உள்ளமும் தளர்ந்ததை நேர்மையோடு ஒப்புக்கொண்டு 2013ஆம் ஆண்டு தம் பொறுப்பைத் துறந்தார். எழுபத்தைந்து வயது நிறைந்த பங்குத்தந்தை பதவி விலகல் கடிதத்தை ஆயரிடம் அளிக்குமாறு திருச்சபைச் சட்டமும் கேட்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் நமக்கும் அந்நாள் தொலைவில் இல்லை. அன்று இந்தப் பங்கு இல்லத்தின் சாவியை இன்முகத்தோடு கொடுப்போமா? பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது நம்மை உறுத்திய கேள்வி இதுதான்.

பேச்சு முடிந்து எழுந்தவர், "மாணவனுக்கு நான் சொன்ன பாடம் எனக்கே திரும்பி வந்திருக்கு சாமி. எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்று சொல்லிச் சிறிது சிரித்தார். கண்கள் கலங்கியிருந்தன.

வண்டியை அவர் விற்கவில்லை. தம் பழைய மாணவர் ஒருவரின் மகனிடம் சாவியைக் கொடுத்தார். அவ்விளைஞன் இப்போது அதைப் பேணக் கற்றுக்கொள்கிறான். ஞாயிறுதோறும் நடக்க இயலாத மூதாட்டியர் இருவரை ஏற்றிக்கொண்டு ஆலயம் வருகிறான். பெரியவர் இடப்புறம் அமர்ந்திருக்கிறார். வலி தீர்ந்ததா என்று கேட்டோம். "பொய் சொல்ல மாட்டேன் சாமி. கை இன்னும் கியரைத் தேடுது" என்றார்.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அமைச்சரின் தேரை அப்போது நினைத்துக்கொண்டோம். தேர் அமைச்சருடையது. அதில் ஏறி அருகே அமர்ந்த பிலிப்பு அதை ஓட்டவில்லை, மறைநூலின் பொருளை விளக்கினார். அந்தப் பயணத்தின் முடிவில் அமைச்சர் திருமுழுக்குப் பெற்று மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார். ஓட்டுகிறவராக மட்டுமன்று, அருகில் அமர்கிறவராகவும் ஒருவர் பயனுடையவராயிருக்க முடியும். நம் கையிலுள்ள ஒவ்வொரு சாவியும் ஒரு நாள் மற்றொருவர் கைக்குப் போகும். அதைப் பிடுங்கப்படும் பொருளாக அன்றி, கொடுக்கப்படும் கொடையாக ஆக்கிக்கொள்ள இறைவன் நமக்கு அருள்புரிவாராக.